மைனஸ் மூன்றரை

அந்தக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் எங்கும் எழுதி வைக்கப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளருக்கான கண்ணாடி, அதைச் செய்தவர் கையிலிருந்து நேராக வெளியே போகக் கூடாது. லென்ஸை அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பூட்டியவள் அதை ஒரு தட்டில் வைத்து முன்பக்கம் அனுப்ப வேண்டும். கண் பரிசோதிக்கும் அக்கா அதைக் கருவியில் வைத்துப் பவரைப் படித்து, சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகே அது உறைக்குள் போகும். ஆனால், வேலை செய்பவர்கள் தம் வீட்டாருக்குச் செய்துகொள்ளும் கண்ணாடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மதியச் சாப்பாட்டு வேளையில் அவரவரே செய்து, அவரவரே துடைத்து, அவரவர் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் செய்வதில் யார் தவறு செய்யப் போகிறார்கள் என்பது முதலாளியின் எண்ணம்.

அந்த ஒரு சந்துக்குள் புகுந்துதான், எல்லோரும் கண்ணாடிக்காரி என்று அழைத்த அவள், தன் தாயின் பார்வையை மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தாள்.

அது வெளிப்பட்டது ஒரு புதன்கிழமை. வாரம் முழுவதும் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. லென்ஸ் வாங்க மொத்த வியாபாரியின் கடைக்குப் போயிருந்தவள், நனைந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, பரிசோதனை அக்கா தன் நாற்காலியில் இருந்தபடியே அழைத்தாள்.

"வந்தியா? உங்க வீட்ல குடியிருக்கிற வேன்காரி வந்துட்டுப் போனா. உங்கம்மா கண்ணாடி மேலயே உக்காந்துட்டாங்களாம். ஃபிரேம்ல ஒரு பக்கம் கால் ஒடிஞ்சு தொங்குச்சு. வேற கால் போட்டுக் குடுத்து அனுப்பிட்டேன்."

"நான் வந்து செஞ்சிருப்பேனே அக்கா."

"ஏன், என் கையை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்?" என்று சிரித்த அக்கா, பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. கைப்பழக்கத்துல கருவியில வச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் மைனஸ் மூணரை காட்டுது. என்னடா இதுன்னு பழைய நோட்டைப் புரட்டுனா, நான் டெஸ்ட் பண்ணி எழுதினது மைனஸ் ஆறு. மூணு வருஷமா அந்தம்மா பாதிப் பவரை மாட்டிக்கிட்டா நடமாடுறாங்க?"

கண்ணாடிக்காரி நனைந்த பையை மேசைமேல் வைத்து, லென்ஸ் உறைகளை வெளியே எடுத்தாள்.

"லென்ஸ் மாறிப் போச்சோ என்னவோ," என்றாள்.

"அதான் நானும் சொன்னேன். 'உங்க வீட்டு ஆளு கையிலயா இப்படித் தப்பு வந்துது'ன்னு அவகிட்டயே கேட்டேன். பேயறைஞ்ச மாதிரி நின்னா. அவளுக்கு என்ன தெரியும் பாவம், பிரேக்கும் கிளட்சும்தான். நீ முதல்ல அம்மாவைக் கூட்டிட்டு வா."

வேன்காரிக்குத் தெரியும். வீட்டில் லென்ஸைப் பற்றியும் பவரைப் பற்றியும் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, எது மறதியால் வரும் தவறு, எது வராது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கண்ணாடிக்காரியின் அம்மா, சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். பத்தடி தள்ளி நின்றே, கொடியில் தொங்கும் சட்டையில் விட்டுப்போன ஒற்றைத் தையலைக் காட்டிவிடுவாள். அங்கே ஆட்களை அவரவர் பார்க்கும் வேலையின் பெயராலேயே அழைப்பார்கள். அம்மாவின் பெயர் செக்கிங். அவளுடைய தோழி, சட்டைக் கழுத்து தைப்பவள், காலர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே நாளில் ஓய்வு பெற்று, ஒரே தெருவில் எதிரெதிரே குடியிருந்தார்கள். அம்மா கீழ்த்தளத்தில், காலர் எதிர்வீட்டு மூன்றாவது மாடியில். முழங்கால் வலியால் காலர் கீழே இறங்குவது குறைந்துவிட்டது. ஆகையால் காலை ஏழு மணிக்கு மேலே ஜன்னலில் ஒரு கை உயரும். கீழே வாசலில் இன்னொரு கை உயரும். வாரத்தில் ஒருநாள் அம்மா படியேறிப் போய், ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு மணி நேரம் ஊர்வம்பு பேசிவிட்டு வருவாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேன்காரி, அம்மாவின் வீட்டு முன்னறைக்கு வாடகைக்குக் குடிவந்தாள். வந்த எட்டாவது மாதம், வெயிலில் கண் கூசுகிறது என்று அவள் ஒரு கண்ணாடி கேட்டாள். ஒரு கருமணிக்கும் மறு கருமணிக்கும் உள்ள இடைவெளியை அளக்க, மூக்கின்மேல் அளவுகோலை வைத்து, எதிராளியின் கண்ணுக்குள் நேராகப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்காரி அதுவரை ஆயிரக்கணக்கான கண்களை அப்படி அளந்திருக்கிறாள். அன்று அளவுகோலில் இருந்த எண்ணைப் படிக்க மறந்து போனாள். மறுபடி அளந்தாள். மறுபடியும் மறந்தாள்.

"என்னங்க, எனக்கு ரெண்டு கண்ணுதானே? எண்ணி முடிக்க இவ்வளவு நேரமா?" என்றாள் வேன்காரி. சிரிப்பு மட்டும் அவள் வாயில் இருந்தது. கண் கண்ணாடிக்காரியை விட்டு அசையவே இல்லை.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அம்மாவின் கண்ணும் அங்கிருந்தே தன் வேலையைத் தொடங்கியது. ஒருநாள் கண்ணாடிக்காரி அவசரத்தில் வேன்காரியின் சட்டையோடு கூடத்தைக் கடந்தபோது, சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அது உன் சட்டை இல்லையே. உன்னுது நாலு ஓட்டைப் பொத்தான். இது ரெண்டு ஓட்டை."

"துவைக்கையில மாறிடுச்சும்மா."

"மாறும், மாறும்," என்ற அம்மா, உரித்த முட்டையைச் சட்டியில் போட்டாள். அவ்வளவுதான். ஆனால், அந்த இரண்டு சொற்கள் கண்ணாடிக்காரியை மூன்று நாள்கள் உண்ணவிடவில்லை. இந்தக் கண்ணுக்கு எதிரே எத்தனை நாள் மறைக்க முடியும்?

அடுத்த சில மாதங்களில் அம்மாவின் பார்வை வேகமாக மங்கியது; பழைய கண்ணாடி போதவில்லை என்று பரிசோதனைக்குப் போனார்கள். பவர் மூன்றரையிலிருந்து ஆறுக்குப் போயிருந்தது. ஆறு அன்று கையிருப்பில் இல்லை. இரண்டு நாளில் வந்துவிடும், அதுவரை இருக்கட்டும் என்று புதிய ஃபிரேமில் பழைய பவரையே பூட்டிக் கொடுத்தாள். அன்று அது பொய்யல்ல. இரண்டு நாளில் ஆறும் வந்தது. காகித உறையோடு அதை இழுப்பறைக்குள் வைத்தாள். நாளை மாற்றலாம் என்று எண்ணினாள். மறுநாளும் அப்படியே எண்ணினாள். எந்த நாளில் அது பொய்யாக மாறியது என்று கேட்டால், அவளால் நாள்காட்டியில் தொட்டுக் காட்ட முடியாது.

"கடையில அந்தச் சோடாபுட்டி மாட்டிப் பாத்தப்ப எல்லாம் கணீர்னு தெரிஞ்சுதுடி. வீட்டுக்கு வந்தா இல்லையே," என்று அம்மா கேட்டாள்.

"கடையில வெளிச்சம் அதிகம்மா. போகப் போகப் பழகிடும்."

அம்மா நம்பினாள். மகளின் தொழில் அல்லவா? வயதாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையில் பிடித்த அரிசியும் ஊசியும் அவளுக்குத் தெரிந்தன. நான்கு அடிக்கு அப்பால் உலகம் நனைந்த காகிதமாக ஊறிக் கிடந்தது. அந்த நான்கு அடிக்கு அப்பால்தான் கண்ணாடிக்காரியும் வேன்காரியும் வாழ்ந்தார்கள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்க, எதிர்ச் சுவரோரம் இருவரும் விரல் கோத்து உட்கார்ந்திருப்பார்கள். வேன்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மாவுக்கு வயதின் குறை என்றே அவள் நினைத்திருந்தாள். கண்ணாடிக்காரியின் வாழ்வில் அவையே மகிழ்ச்சியான ஆண்டுகள். அந்த உண்மைதான் அவளை இப்போது குற்றத்தைக் காட்டிலும் மிகுதியாகச் சுட்டது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது அம்மா வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, கண்ணாடி மேல உக்காந்தும் லென்ஸ் உடையல. என் மக செஞ்சது, யானை உக்காந்தாலும் உடையாதுன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது. என்ன வண்டிக்காரம்மா, பிள்ளைங்க வேன்ல வாந்தி எடுத்துடுச்சா?"

"இல்லம்மா. தலைவலி," என்றாள் வேன்காரி. சோற்றைப் பிசைந்தாளே தவிர உண்ணவில்லை. பிறகு, வண்டியில் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, ஒரு கை வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடிக்காரியை வெளியே அழைத்துப் போனாள்.

தெருவோரம் நின்ற வேனுக்குள், சிறு பிள்ளைகளுக்கான தாழ்ந்த இருக்கைகளில் முழங்கால் முகவாயில் இடிக்க இருவரும் உட்கார்ந்தார்கள். கூரையில் மழை தாளம் போட்டது.

"மறந்துட்டேன்னு சொல்லு," என்றாள் வேன்காரி. "கடையில யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்லு. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன், நான் நம்பிக்கிறேன்."

"மறக்கல."

"எனக்காகவா?"

"நமக்காக."

"நம்மன்னு சொல்லாத! எங்கிட்ட கேட்டியா நீ? அந்தம்மா எதிர்ல உக்காந்துக்கிட்டு உன் கையைப் பிடிச்சேனே, கண்ணு தெரியல பாவம்னு சிரிச்சேனே. அதை நினைச்சா எனக்கே என்னைப் பிடிக்கல."

"அவளுக்குத் தெரிஞ்சா உன்னை வெளிய அனுப்பிடுவா. பயந்துட்டேன்டி."

"அனுப்பட்டுமே. மூணு தெரு தள்ளி ஒரு ரூம் பிடிச்சுக்கிட்டு உன்னைப் பாத்திருக்க மாட்டேனா? நான் என்ன கிலுகிலுப்பையா, ஒளிச்சு வச்சு விளையாடுறதுக்கு?" அவள் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காலர் அக்கா வீட்டைக் காலி பண்ணிட்டு மகன்கிட்ட போனாங்களே, சாமான் ஏத்திட்டுப் போனது இந்த வண்டிதான். நாலு மணி நேரம் அழுதுக்கிட்டே வந்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? 'தினமும் காலையில கையைத் தூக்குறேன். என்னைப் பாத்துட்டே பாக்காத மாதிரி உள்ள போயிடுறா. முப்பது வருஷப் பழக்கம், என்ன குத்தம் பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல'ன்னாங்க."

வேன்காரி மறுபடி அவள் பக்கம் திரும்பினாள்.

"இங்க உங்கம்மா என்ன சொன்னாங்க? 'மகன் சம்பாதிக்க ஆரம்பிச்சதும் காலருக்குத் தலைக்கனம் வந்துடுச்சு, ஜன்னல் பக்கமே வர்றதில்ல'ன்னு ரோஷப்பட்டுப் படியேறுறதை நிறுத்துனாங்க. ரெண்டு கிழவிங்க சண்டை, நமக்கென்னன்னு நான் வாயைத் திறக்கல. ரெண்டு பேருமே பொய் சொல்லலடி."

மழையின் ஓசை பெருகியது. கதவு சாத்தியிருந்த வேனுக்குள் ஏதோ பிள்ளை விட்டுப்போன ரொட்டித் துண்டின் புளித்த வாடை அடித்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றாள் வேன்காரி. "நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயால வரணும். வரலன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன். இன்னொருத்தி கண்ணை மூடி வச்சுட்டு, அந்த இருட்டுல எனக்குக் குடித்தனம் நடத்தத் தெரியாது."

மறுநாள் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனாள். அம்மா உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் தாங்கிக்கொண்டு, கடைசி வரி வரை படித்துவிட்டுக் கேட்டாள்:

"கீழ இன்னும் ஒரு வரி வச்சிருக்கலாமே? அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

பவர் இப்போது ஏழு. மூன்று ஆண்டுகள் இழுப்பறையில் காத்திருந்த ஆறு இனி அம்மாவுக்கு உதவாது; வேறொருவர் கண்ணுக்கு அதை மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. உறையைப் பிரிக்காமலேயே அதை உடைந்த லென்ஸ்கள் கிடக்கும் தொட்டியில் போட்டாள் கண்ணாடிக்காரி.

சனிக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் ஓரம் கிறீச்சிட்டது. பதினாறு ஆண்டுகளில் நடவாதது அன்று நடந்தது. கை பிசகி, ஓரத்தில் அரிசி முனை அளவு சில்லு பெயர்ந்தது. ஃபிரேமின் விளிம்புக்குள் மறைந்துவிடக் கூடிய சில்லுதான். ஆயினும் அதைத் தூர எறிந்துவிட்டு, வேறொரு லென்ஸை எடுத்துத் தொடக்கத்திலிருந்து தேய்த்தாள். செய்து முடித்ததைப் பையில் போட்டுக்கொள்ளாமல், தட்டில் வைத்து முன்பக்கம் கொண்டுபோனாள்.

"வீட்டு வேலைதானே? இதுக்கு என்னத்துக்குத் தட்டு?" என்றாள் அக்கா.

"நீங்க பாத்துக் குடுங்க அக்கா."

அக்கா கருவியில் கண்ணை வைத்தாள். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக்காரியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "ஏழு. சரியா இருக்கு," என்றாள். கண்ணாடியை உறைக்குள் வைத்து நீட்டினாள்.

அன்று மாலை மழை வெறித்திருந்தது. கழுவி விட்டாற்போன்ற வெளிச்சம் வாசல் வரை வந்து நின்றது. அம்மா புதிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அடப்பாவிங்களா, இவ்வளவு அழுக்கா? இதுக்குக் கீழயா நான் படுத்துக் கிடந்தேன்?" என்றாள். பிறகு, கூடத்தின் மறுபுறம் நின்ற மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்படி இவ்வளவு நரை விழுந்துச்சு? நேத்து வரைக்கும் இல்லையே." பிறகு, முன்னறை வாசலில் சாய்ந்து நின்ற வேன்காரியிடம் பார்வை போயிற்று. அங்கே சிறிது நேரம் தங்கியது. "நீ ஏன் அழுதிருக்க? மூணு நாளா ரெண்டு பேரும் பேசிக்கலைங்கிறது என் காதுக்கே தெரிஞ்சுது. முகம் இப்பத்தான் தெரியுது."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். எதிரே மூன்றாவது மாடி ஜன்னலில், புதிதாகக் குடிவந்த யாரோ ஈரத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இருபத்தெட்டு ஆண்டுகள் குறை கண்டுபிடித்த மூளை அது. அது தன் வேலையைச் செய்வதைப் பின்னால் நின்ற இருவரும் மூச்சடக்கிப் பார்த்திருந்தார்கள்.

"அந்தப் பாவாடை நாடா தெரியுது," என்றாள் அம்மா, திரும்பாமலே. "இங்கேருந்து இவ்வளவு தெரியுமா? அப்ப காலர் அங்க நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" பிறகு திரும்பினாள். "பழைய கண்ணாடியில என்னடி தப்பு?"

"தப்பு கண்ணாடியில இல்லம்மா. நான்தான் பண்ணேன். தெரிஞ்சே பண்ணேன்."

"எதுக்கு?"

கண்ணாடிக்காரி மூன்று நாள்களாக அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒன்றுகூட அந்நேரத்தில் கைகொடுக்கவில்லை. "நீ எங்களைப் பாத்துடக் கூடாதுன்னு. நானும் இவளும்... வெறும் சிநேகிதிங்க இல்லம்மா. எனக்குப் புருஷன் வேணாம்னு சொன்னதுக்குக் காரணமும் அதுதான். இவதான் எனக்கு எல்லாம். உன் கண்ணுல பட்டா நீ இவளை அனுப்பிடுவேன்னு, பாதிப் பவரை மாட்டி விட்டேன். காலர் அக்கா தினமும் கை காட்டியிருக்காங்க. போற வரைக்கும் காட்டியிருக்காங்க. உனக்குத் தெரியாமப் போனது என்னாலதான்."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள்; துடைக்கவில்லை; மறுபடியும் மாட்டிக்கொண்டாள். தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கிற இருப்பு எனக்குப் புரியல," என்றாள். "பிடிக்கவும் இல்ல. நாளைக்குப் பிடிக்குமான்னும் தெரியல. அது வேற. நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாமப் படுத்திருப்பேன். மூணாம் நாள் மேல ஏறிப் போய், காலர்கிட்ட உன்னைத் திட்டித் தீத்திருப்பேன். அவ டீயைக் கையில குடுத்து, 'போதும் விடுடி, யாரையும் கொலையா பண்ணிட்டா?'ன்னு ஏதாவது சொல்லி என்னைக் கீழ அனுப்பியிருப்பா. இறங்கி வந்து உங்களுக்குச் சோறு போட்டிருப்பேன். அந்த வழியையே அடைச்சுட்டியேடி."

"மன்னிச்சிடும்மா."

"இப்பக் கேக்காத. மூணு வருஷம் என்னென்ன போச்சுன்னு நான் இன்னும் பாத்தே முடிக்கல." அம்மா வேன்காரியை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியுமா இது?"

"புதன்கிழமைதாம்மா தெரியும்."

"காலர் மகன் வீட்டுக்கு வழி?"

"தெரியும்மா. நாலு மணி நேரம்."

"நாளைக்கு ஸ்கூல் இல்லைல்ல. கூட்டிட்டுப் போ."

"நானும் வர்றேம்மா," என்றாள் கண்ணாடிக்காரி. "நானே அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

"நீ வேணாம். என் மக என் கண்ணைக் கட்டிட்டாள்னு அவகிட்ட சொல்றதா, வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. உன் முகத்தைப் பாத்துக்கிட்டே யோசிக்க என்னால முடியாது."

ஞாயிறு காலை அம்மா தலை வாரி, வேலைக்குப் போன நாள்களில் உடுத்துவதைப்போல் விறைப்பாக உடுத்திக்கொண்டாள். வேன்காரி சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெட்டி கட்டியாயிற்றா இல்லையா என்பது கண்ணாடிக்காரிக்குத் தெரியாது. திறந்து பார்க்கும் துணிவும் அவளுக்கு இல்லை.

"சாயங்காலம் அம்மாவைக் கொண்டுவந்து விட்டுடுவேன்," என்றாள் வேன்காரி தாழ்ந்த குரலில். "அதுக்கு மேல என்னன்னு எனக்கே தெரியல. கேக்காத."

"கேக்கல. சாப்பிட்டியா?"

"வழியில பாத்துக்கிறேன்." வேன்காரி, கண்ணாடிக்காரியின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போனாள்.

அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல், வேனின் உயரமான படியைக் கண்ணால் அளந்து, சரியாக மிதித்து ஏறினாள். முன்னிருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினாள். வேன் நகர்ந்தபோது, தெருவில் உள்ள பலகைகளை அவள் உரக்கப் படிக்கத் தொடங்கியது திறந்த ஜன்னல் வழியே கேட்டது.

"பஞ்சர் ஒட்டப்படும். சாவி போடுமிடம். 'இங்கே குப்பை கொட்டுபவர்...' அடடே, என்ன எழுதி வச்சிருக்கான் பாரு, இதெல்லாம் எப்ப வந்துது?"

வேன்காரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்டு நான்கு நாள்களாகி இருந்தன. அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்பதைக் கண்ணாடிக்காரி வாசலில் நின்று அறிந்துகொண்டாள்.

தெருமுனையில் லாரி ஒன்று குறுக்கே வர, வேன் நின்றது. முன் ஜன்னலில் அம்மாவின் தலை வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அத்தனை தொலைவில் அழுவதை யார் காணப்போகிறார்கள் என்று மூன்று ஆண்டுப் பழக்கத்தில் நின்றிருந்தவளுக்கு, இப்போது அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பது திடீரென்று உறைத்தது. முகத்தை மறைத்துக்கொள்ள அவள் கை தானாக எழுந்தது.

அதைக் கீழே இறக்கி, அம்மா பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.